சுவருக்கு அப்பால்



உபாசகர்களே! உபாசிகைகளே!

பகவன் புத்தர் வகுத்தருளிய ஒழுக்க விதிகளின் தொகுப்பாகிய வினயபிடகத்துள், பிக்குணிகளுக்கென்றே அமைந்த விதிகள் பல உள. அவற்றுள் ஒன்றை இம்முறை நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். அது முதற்பார்வைக்கு மிகச் சிறிய விதியாகத் தோன்றும். நிப்பாணத்தை நாடி இல்லம் துறந்தவர்களுக்கு இத்தகைய விதியும் வேண்டுமோ என்று படிப்போர் வியத்தலும் கூடும். மலசலத்தையோ, குப்பையையோ, உண்டு கழித்த எச்சிலையோ சுவருக்கு அப்பால் எறியும் பிக்குணியும், பிறரைக் கொண்டு எறிவிக்கும் பிக்குணியும் குற்றமுடையர் என்பதே அவ்விதி.

இவ்விதி பிறந்த வரலாறும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. பிக்குணி ஒருத்தி தன் உறையுளின் உட்புறத்தே நின்று, மலம் நிறைந்த கலத்தை மதிலுக்கு வெளியே கவிழ்த்தாள். அவ்வழியே சென்றுகொண்டிருந்த பார்ப்பனர் ஒருவரின் தலைமேல் அது வீழ்ந்தது. அவர் வெகுண்டு, அவ்வுறையுளையே கொளுத்திவிடுவேன் என்று எழுந்தார். உபாசகர் ஒருவர் இடைப்புகுந்து அவர் சினத்தைத் தணித்தார். செய்தி பகவன் செவிக்கு எட்டியது, விதி பிறந்தது.

இதனை நுணுகி நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாகும். ஒன்று: சுவர் நம் கண்ணை மறைக்குமேயன்றி நம் செயலை மறைக்காது. இரண்டு: தானே எறிதலும் ஒருவரைக் கொண்டு எறிவித்தலும் ஒன்றே. மூன்று: அப்பால் நோக்கிப் பார்த்து எறிபவளுக்குக் குற்றமில்லை என்றும் அவ்விதியின் விளக்கம் கூறுகின்றது. அப்பிக்குணி எவரையும் துன்புறுத்த எண்ணினாளல்லள். அவள் நோக்கவில்லை, அவ்வளவே. அந்நோக்காமைதான் குற்றம். பகவன் ஓயாது இடித்துரைத்த பமாதம், அதாவது கருத்தின்மை, என்பது இதுவே.

இம்மூன்று உண்மைகளையும் கையிற் கொண்டு, இன்று நம் இல்லங்களிலிருந்து சுவருக்கு அப்பால் எறியப்படுகின்ற ஒரு வகைப் பொருளை ஆராய்வோம்.

நம் பாட்டன்மார் வாழ்ந்த குடிசையில் கழிவாய்ப் போவது யாது இருந்தது? சாம்பல், சாணம், உமி, உடைந்த மண்பானை, கந்தல். யாவும் மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்கே மீண்டவை. இன்று நம் வீடுகளில் கைப்பேசி உண்டு. அதற்கு மின்னேற்றி உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, குழல்விளக்கு, பிள்ளைகள் படிக்கக் கணினி ஆகியவை உண்டு. இவை வேண்டா என்று யாம் கூறவரவில்லை. எழுத்தும் கல்வியும் மறுக்கப்பட்டிருந்த நம் மக்கள் கையில் கணினி இருப்பது கண்டு மகிழ்பவர்களே யாம். ஆயினும் இப்பொருள்கள் சாகும், செத்தபின் மண்ணாகா. பரணில் கிடக்கும், பிறகொரு நாள் காயலான் கடைக்கோ குப்பை வண்டிக்கோ போகும். போனது என்று நாமும் நிம்மதி கொள்வோம்.

போனதா? எங்கே போனது?

ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022 என்னும் ஓராண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாக எழுத்துச் சான்று உள்ள பங்கு 22.3 விழுக்காடே. நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இக்கழிவை மிகுதியாக உண்டாக்கும் நாடுகளில் சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நிற்பது நம் பாரத தேசம்.

அப்பெட்டிகளுக்குள் என்ன இருக்கின்றது என்று திறந்து காண்போம். செம்பு உண்டு, இரும்பும் அலுமினியமும் உண்டு, கைப்பேசியிலும் கணினியிலும் சிறிதளவு வெள்ளியும் பொன்னும்கூட உண்டு. ஆதலின் இவற்றைக் குப்பை என்று கூறுவதே பிழை. ஆனால் அவற்றோடு நஞ்சும் உண்டு. பழைய கருவிகளின் பலகைகளில் உறுப்புகளைப் பற்றவைத்தது ஈயம். பருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியில் ஈயம். குழல்விளக்கினுள்ளே பாதரசம். சில வகை மின்கலங்களில் காட்மியம். பொருள் முழுதாக இருக்கும்வரை இந்நஞ்சு உறங்குகின்றது. உடைத்தால் எழுகின்றது, எரித்தால் பறக்கின்றது, அமிலத்தில் இட்டால் நீரோடு ஓடுகின்றது.

உடைப்பவர் யார்? எரிப்பவர் யார்?

தில்லியின் வடகிழக்கில் சீலம்பூர் என்னும் பகுதி உண்டு. நாட்டின் பல ஊர்களிலிருந்து பழைய கணினிகளும் தொலைக்காட்சிகளும் அங்கு வந்து குவிகின்றன. குறுகிய சந்துகளில் அமர்ந்து, சுத்தியலும் திருப்புளியும் கொண்டு, ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அவற்றைப் பிரிக்கின்றனர். உத்தரப் பிரதேசத்தில் மொரதாபாத் என்னும் நகரம் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. உலோகத் தொழில் அறிந்த அவ்வூர்க்கு மின்சுற்றுப் பலகைகள் சென்றன. அவற்றை எரித்து, சாம்பலை அரித்து, உலோகத் துகளைப் பிரித்தனர். எஞ்சிய கருஞ்சாம்பல் ராமகங்கை ஆற்றின் கரைகளில் கொட்டப்பட்டது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அக்கரையில் கொட்டுவதைத் தடைசெய்ய வேண்டிவந்தது.

செம்புக் கம்பியின் மேலுள்ள உறையை உரித்தெடுக்க நேரமும் கருவியும் வேண்டும். எரித்தால் ஒரு நொடியில் செம்பு கிடைக்கும். ஆனால் அவ்வுறை எரியும் கரும்புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. பலகையிலுள்ள பொன்னைப் பிரிக்க வீரியமிக்க அமிலத்தில் இடுகின்றனர்; கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. மிஞ்சிய அமிலம் சாக்கடைக்குப் போகின்றது. இத்தனையும் ஒரு நாள் கூலிக்கு.

ஈயத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் கூறுவது யாதெனின், ஒரே அளவு ஈயம் உட்சென்றாலும் வளர்ந்தவரினும் குழந்தையின் உடல் அதனை நான்கைந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்கின்றது என்பது. அது மூளையைத் தாக்கும்; கற்கும் ஆற்றலைக் குறைக்கும். எலும்பில் ஒளிந்திருந்து, தாய் கருவுற்ற காலத்தில் வெளிப்பட்டு, பிறவாத சிசுவையும் சென்றடையும். தந்தை தன் சட்டையில் ஒட்டிய தூசியோடு வீடு திரும்பினால், அந்நஞ்சு மழலையின் பாயில் உதிரும். பள்ளியில் பின்தங்கும் அப்பிள்ளையை மந்தபுத்தி என்பர். அதன் சாதியைக் கூறி இகழ்வாரும் உண்டு. அம்மதியை மழுக்கியது யார் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி என்று கேட்பார் எவருமில்லை.

நம்மைச் சுற்றியுள்ள சிலர் இதற்கு ஒரு சமாதானம் கூறுவர். அது அவர்கள் முற்பிறப்பிற் செய்த வினை என்பர். இம்மொழியை நாம் நன்கு அறிவோம். இதே மொழியைக் கூறித்தான் நம் முன்னோர் தலைமேல் பிறர் மலத்தை ஏற்றினர். செத்த மாட்டை இழுப்பதும் சாக்கடை அள்ளுவதும் பிறப்பால் வந்த கடமை என்றனர். சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று, தொழிலாளரையே பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இலேயே எடுத்துரைத்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தம்மம் ஏற்றபோது, அந்த மதிலை இடிக்கும் வேலையைத்தான் நம் கையில் ஒப்படைத்தார். அந்நன்னாளின் வழிவந்த நாம், நம் வீட்டுக் கழிவை ஏழையின் தலைமேல் எறிந்துவிட்டு, அவன் வினை என்று கூறலாமோ? கம்பி எரிக்கும் சிறுவன் படும் துன்பம் அவன் முற்பிறப்பின் வினையன்று. நம் இப்பிறப்பின் செயல்.

யாம் இளமை தொட்டுப் பல்லாண்டுகள் நூலாலையில் உழைத்தவர்கள். அங்கே தரையில் சிந்தும் கழிவுப் பஞ்சை ஒரு பிடியும் வீணாக்க விடமாட்டார்கள். கூட்டி அள்ளி, நிறுத்து, கணக்கெழுதி, மறுபடியும் நூலாக்கும் வழிக்கு அனுப்புவர். அது நல்ல பழக்கமே. ஆனால் எங்கள் மூச்சோடு உள்ளே சென்ற பஞ்சை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அதனால் நெஞ்சடைத்து இருமி ஓய்ந்த தோழர்களுக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. பொருளை மிச்சப்படுத்துதல் மட்டும் அறமாகாது. அதனை மிச்சப்படுத்தும் மனிதனையும் காத்தால்தான் அது அறம். மறுசுழற்சி என்னும் நற்பெயரைக் கேட்கும்போதெல்லாம் இந்த அளவுகோலை நாம் மறத்தல் கூடாது.

கோலார் தங்கவயலோடு உறவுடைய குடும்பங்களுக்கு இதனை மிகுத்துக் கூறவேண்டியதில்லை. 1880 முதல் ஆங்கிலக் குழுமம் அகழ்ந்த அச்சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களுள் பெரும்பாலோர், வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ் மக்களே. அயோத்திதாச பண்டிதர் 1898இல் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் தழைத்ததும் அம்மக்களாலேயே. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய பொடியைக் குன்று குன்றாகக் குவித்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, சம்பளமும் போயிற்று, சயனைடு மேடுகள் மட்டும் நின்றன. காற்று வீசும் காலத்தில் அப்பொடி பறந்து தொழிலாளர் வீடுகளின் மேல் படிந்தது. பொன் ஒருவர்க்கு, புழுதி ஒருவர்க்கு என்பதே அத்தொழிலின் பங்கீடாயிற்று. இன்று கைப்பேசிப் பலகையிலிருந்து பொன் எடுக்கும் சந்திலும் இதே பங்கீடுதான் நடக்கின்றது. புழுதியைப் பெற்றவர் பிள்ளைகளாகிய நாம், பிறர்க்குப் புழுதியை அனுப்புவது தகுமோ?

இங்கே ஒரு தவறான எண்ணம் எழுதல் கூடும். காயலான் கடைக்காரரும் தெருவில் பொறுக்குவோரும்தாம் குற்றவாளிகள் என்று சிலர் எண்ணுவர். அஃது அநியாயம். இந்நாட்டில் ஓரளவேனும் பொருள் மறுபடி பயன்படுகின்றது எனில் அது அவர்கள் உழைப்பால்தான். குற்றம் அவர்கள் கையில் இல்லை; அக்கைக்கு உறை தராத அமைப்பில் உள்ளது. புனே நகரில் 1993இல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்னும் சங்கத்தை அமைத்தனர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அச்சங்கத்தின் வழியே 2008இல் கூட்டுறவு அமைப்பு ஒன்று தோன்றி, வீடுவீடாகச் சென்று கழிவைப் பெறும் பணியை நகராட்சியோடு உடன்படிக்கை செய்து ஏற்றது. குப்பைமேட்டில் குனிந்து நின்றவர்கள் அடையாள அட்டையோடு வாயிலில் வந்து நின்றனர். கழிவைத் தொடும் கையை இழிவினின்று விடுவிக்க முடியும் என்பதற்கு இது சான்று. அத்தொழிலை ஒழிப்பதன்று நம் வேண்டுகோள். அதனைச் செய்வோர்க்குக் கூலியும் காப்பும் மதிப்பும் வேண்டும் என்பதே.

அரசும் வாளாவிருக்கவில்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2012இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. 2022இல் திருத்தி எழுதப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஒரு கருவியைச் செய்து விற்பவரே அதன் சாவுக்கும் பொறுப்பாளர் என்பது இவ்விதிகளின் சாரம். உற்பத்தியாளர்க்கு முதலிரண்டு ஆண்டுகள் 60 விழுக்காடு என இலக்கு வைத்து, 2027-28 முதல் 80 விழுக்காடு என உயர்த்தியுள்ளனர். மின்கலங்களுக்கும் 2022இல் தனி விதிகள் வந்தன. பதிவுபெற்ற நிறுவனங்களே இவற்றைப் பிரிக்கவும் உருக்கவும் வேண்டும். விதி நன்று. ஆனால் விதி காகிதத்தில் உள்ளது. பெட்டி நம் பரணில் உள்ளது. பரணிலிருந்து பதிவுபெற்ற இடத்துக்கு அதனைக் கொண்டுசேர்ப்பது நம் கால்களே.

எறிதலைப் பற்றிக் கூறினோம். எறியாமையைப் பற்றியும் ஆனந்த தேரர் வரலாறு ஒன்று உண்டு. கோசம்பியில் உதயண மன்னனின் அரண்மனை மகளிர் அவர்க்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். மன்னன் திகைத்தான். துறவிக்கு இத்தனை துணி எதற்கு, கடை வைக்கப் போகின்றாரோ என்று ஐயுற்று வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய ஆடைகளை என் செய்வீர் என்றான். படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரை விரிப்பாக்குவோம். அதுவும் நைந்தால்? கால் துடைக்கும் துணியாக்குவோம். அதன்பின்? தூசி தட்டும் துணியாக்குவோம். அதுவும் இற்றால்? இடித்து, களிமண்ணோடு பிசைந்து, தரைக்குப் பூசுவோம். மன்னன் மனங்குளிர்ந்து இன்னும் ஐந்நூறு ஆடைகள் வழங்கினான்.

இவ்வரலாற்றில் கஞ்சத்தனம் இல்லை, நன்றியறிவு உண்டு. ஒரு பொருளில் அடங்கியுள்ள பிறர் உழைப்பை முற்றும் பயன்கொள்ளாமல் அதனைக் கழித்தல் நன்றிகோறல் ஆகும். கைப்பேசி ஒன்று தன் வாழ்நாளில் உண்ணும் மின்சாரத்தினும் அதனைச் செய்வதற்குச் செலவாகும் ஆற்றலே மிகுதி. ஆதலின் ஈராண்டில் மாற்றுவதை நான்காண்டு வைத்துப் பயன்படுத்துபவரே சுற்றுச்சூழலுக்குப் பேருதவி செய்கின்றார். விளம்பரம் புதியதைக் காட்டி வேட்கையை எழுப்பும். துன்பத்தின் வேர் வேட்கை என்று இரண்டாம் வாய்மையில் கற்றவர்கள் நாம். கல்வியும் பயிற்சியும் வேறு வேறாக இருத்தல் நன்றன்று.

இனி, நம் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

வாங்குமுன், இது வேண்டுமா, பழையதைப் பழுதுபார்க்க இயலாதா என்று வினவுக. நம் தெருவில் கருவி பழுதுபார்க்கும் இளைஞரின் சிறு கடைக்கு வேலை கொடுப்பதும் தானமே. பயன்படும் நிலையிலுள்ள கணினியையோ கைப்பேசியையோ பரணில் புதைக்காமல், படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு வழங்குக. செத்த கருவியை எக்காரணத்தாலும் எரிக்காதீர், வீட்டில் உடைக்காதீர், சோற்றுக் குப்பையோடு சேர்க்காதீர். வீங்கிய மின்கலத்தைக் குத்தவோ நசுக்கவோ செய்தால் தீப்பற்றும். அதனைத் தனியே வைக்க. குழல்விளக்கை உடையாமல் தாளில் சுற்றி, தனியாகத் தருக. பிறகு அனைத்தையும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, உற்பத்தியாளர் அமைத்த திரட்டு நிலையத்திலோ ஒப்படைத்து, சீட்டுப் பெறுக. காயலான் கடையில் சில ரூபாய் மிகுதியாகக் கிடைத்தல் கூடும். அந்த மிகுதி எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பாருங்கள். கையுறைக்கும் கவசத்துக்கும் புகைபோக்கிக்கும் செலவிடாததால் மிஞ்சிய காசு அது. நஞ்சு விற்கும் வாணிகம் உபாசகனுக்கு ஆகாது என்று பகவன் விலக்கியுள்ளார். அந்தச் சில ரூபாய் அவ்வாணிகத்தின் பங்கு அன்றோ?

தனியொரு குடும்பம் ஒரு மின்னேற்றிக்காக நெடுந்தொலைவு செல்லுதல் அரிது. ஆதலின் ஒவ்வொரு சங்கமும் தன் விகாரையில் ஒரு பெட்டி வைக்கலாம். உபோசத நாளில் வழிபாட்டுக்கு வருவோர், செத்த கருவிகளை அதில் இடலாம். பெட்டி நிறைந்தவுடன் இளைஞர் இருவர் பதிவுபெற்ற நிறுவனத்தை அழைத்து ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது, பிரிக்கும் தொழிலாளர்க்குக் கையுறையும் கவசமும் உண்டா, கூலி எவ்வளவு என்று கேட்கவும் வேண்டும். கேட்பது நம் உரிமை. கேளாமை நம் குற்றம்.

உபாசகர்களே! உபாசிகைகளே! பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். உயிர்க்கொலை தவிர்ப்போம் என்று கூறும் வாயோடு, கத்தி எடுக்காத கையோடு, நாம் தூயர் என்று இருந்துவிடலாகாது. மெல்லக் கொல்லும் கொலையும் உண்டு. தொலைவில் நின்று கொல்லும் கொலையும் உண்டு. சுவர் உயர்ந்தது, ஆயினும் அப்பால் மனிதர் நடக்கின்றனர். நம் கையில் உள்ளதை விடுவதற்கு முன், அப்பால் ஒருமுறை நோக்குவோம்.

தம்மம் ஓங்குக! எல்லா உயிர்களும் நலம் பெறுக!